உள்ளப்பிணியும் உறவும்

உறக்கமில்லை, உணவிற் சுவையில்லை, கைகால் ஓய்ந்துவிட்டன என்று முறையிட்டுக்கொண்டு வைத்தியரிடம் வருவோர் எண்ணிறந்தோர். வைத்தியர் நாடி பார்ப்பார்; நெஞ்சின் ஓசை கேட்பார்; இரத்தத்தைச் சோதிப்பார்; எத்தனை நாளாயிற்று என்று வினவுவார். இவையெல்லாம் வேண்டுவனவே. ஆயினும், வீட்டில் உடனுறைவோர் யாவர், அண்மையில் இறந்தார் உளரோ, எவருடன் மனத்தாங்கல் நேர்ந்தது, மனம் விட்டுப் பேசுதற்கு ஒருவரேனும் உண்டோ என்று வினவும் வைத்தியர் மிகச் சிலரே. அத்தகைய வினாக்கள் குடும்பக் கதையைச் சார்ந்தன, வைத்திய சாஸ்திரத்தைச் சார்ந்தனவல்ல என்னும் எண்ணம் கற்றாரிடத்தும் கல்லாரிடத்தும் ஒருங்கே வேரூன்றியிருக்கின்றது. இவ்வெண்ணம் பிழையுடையது என்பதே எம் கருத்து. உறவுகளைக் குறித்துக் கேட்டலும், அவற்றைச் சீர்செய்யத் துணைநிற்றலும் உளநோய் மருத்துவத்தின் முறையான பகுதியேயாம். அப்பகுதியை வரம்புகோலிக் கற்பித்தால், பெரும்பட்டம் பெறாதோரும் அதனைச் செவ்வனே நடத்தலாகும். இதற்குச் சான்றாக, ஆங்கிலத்தில் 'இன்டர்பர்சனல் சைக்கோதெரபி' என வழங்கும் முறையை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். தமிழில் இதனை உறவுவழி உளச்சிகிச்சை எனக் கூறலாம்.

முதற்கண், இச்சிகிச்சை எந்நோயின் பொருட்டு எழுந்தது என்பதைத் தெளிதல் வேண்டும். துன்பம் வந்துழித் துயருறுதல் மக்கள் இயல்பு, அது நோயன்று. ஆனால் இரண்டு வாரத்திற்குக் குறையாமல், நாடோறும், பொழுதின் பெரும்பகுதியும் மனம் இருண்டு கிடத்தலேனும், முன்பு இன்பந்தந்தவற்றில் நாட்டம் அறுதலேனும் நிகழ்ந்து, அதனோடு உறக்கமும் பசியும் மாறுதல், உடற்சோர்வு, சிந்தை ஒருவழி நில்லாமை, தான் எதற்கும் பயன்படாதவன் என்னும் எண்ணம், சாதலே நன்று என்னும் நினைவு முதலியவற்றுட் பல சேர்ந்து, ஒருவனது தொழிலையும் வாழ்வையும் குலைக்குமாயின், அதனை மனச்சோர்வு நோய் என்பர் வைத்தியர். இந்நோயுற்ற மாணவனைச் சோம்பேறி என்கின்றோம்; இல்லாளைக் கடுகடுப்புடையவள் என்கின்றோம்; முதியோரை மூப்பின் தளர்ச்சியென்று விட்டுவிடுகின்றோம்; சமயப்பற்றுடையார் ஒருவர்க்கு இந்நோய் வருமாயின் விசுவாசத்திற் குறைந்தார் என்று கடிந்துகொள்வாரும் உளர். நோயை நோயென அறியாமையால் விளையும் கேடு இது. தன்னைத்தானே பழித்துக்கொள்ளுதல் இந்நோயின் குறிகளுள் ஒன்றாதலின், பிறரும் உடன்சேர்ந்து பழிப்பது எரிகின்ற தீயில் எண்ணெய் வார்ப்பதனோடொக்கும்.

இனி, இச்சிகிச்சை எழுந்த வரலாற்றை நோக்குவோம். இதற்கு அடிப்படையாய் நின்ற கருத்துகள் முன்னரே தோன்றியவை. சுவிட்சர்லாந்திற் பிறந்து, அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையில் உளநோய் மருத்துவப் பேராசிரியராய் விளங்கிய அடால்ஃப் மையர் என்பார், நோயாளியின் வாழ்க்கை நிகழ்ச்சிகளை அவனது நோயோடு இயைத்து நோக்குதல் வேண்டும் என்றார். 1949-ல் காலஞ்சென்ற ஹாரி ஸ்டாக் சல்லிவன், உளநோய் ஒருவனது தலைக்குள் மட்டும் அடங்கிக் கிடப்பதன்று, மக்களுக்கிடையே நிகழ்வனவற்றோடு பிணைந்தது எனக் கற்பித்தார். ஆங்கில நாட்டு ஜான் பௌல்பி, குழந்தை தன் தாய்மேற் கொள்ளும் பற்றையும், அப்பற்று அறுபடுங்கால் நேரும் துயரையும் ஆராய்ந்து, பற்றின் முறிவு எவ்வயதிலும் உள்ளத்தைத் தாக்கவல்லது எனக் காட்டினார்.

இத்தகைய கருத்துகளைச் சிகிச்சை முறையாக உருவாக்கியோர் ஜெரால்டு கிளெர்மன், மிர்னா வைஸ்மன் என்பாரும் அவர்தம் துணைவருமாவர். அது பிறந்த விதம் கருதத்தக்கது. 1969-ஆம் ஆண்டில், யேல் சர்வகலாசாலை அமைந்துள்ள நியூ ஹேவன் நகரில் அவர்கள் தொடங்கியது உண்மையில் ஒரு மருந்தைப் பற்றிய ஆராய்ச்சியே. மனச்சோர்வினின்று தேறியோர்க்கு அமிட்ரிப்டிலின் என்னும் மருந்தை எத்துணைக் காலம் தொடர்ந்து கொடுத்தல் வேண்டும், கொடுப்பின் நோய் மீளாதிருக்குமா என்பதே வினா. வைத்தியசாலைகளில் மருந்தோடு உரையாடற் சிகிச்சையும் நடைபெறுவது வழக்கமாதலின், அதனையும் உடன்வைத்துச் சோதிக்கக் கருதினர். ஆங்கு ஒரு தடை எழுந்தது. மருந்தென்றால் இத்துணை அளவு என்று சொல்லலாம். பேச்சிற்கு அளவு யாது? ஒரு வைத்தியர் செய்வதையே மற்றொருவரும் செய்தார் என்பதற்கு உறுதி யாது? ஆகவே, நல்ல வைத்தியரொருவர் மனச்சோர்வுற்றாரோடு உரையாடுங்கால் யாது செய்கின்றார் என்பதை ஒழுங்குபட எழுதி, அதனைப் பிறர்க்குப் பயிற்றவேண்டியதாயிற்று. இங்ஙனம், சோதனைக்கென எழுதப்பட்ட குறிப்பே நாளடைவில் ஒரு சிகிச்சை முறையாக வளர்ந்து, 1984-ஆம் ஆண்டில் நூல்வடிவும் பெற்றது.

அம்முதற் சோதனையில் 150 பெண்கள் சேர்க்கப்பட்டு, எட்டு மாதகாலம் சிகிச்சை பெற்றனர். 1974-ல் அதன் முடிவு வெளியாயிற்று. மருந்து, நோய் மீள்வதைத் தடுத்தது. உரையாடற் சிகிச்சையோ, நோய் மீளாதிருந்த பெண்கள் கணவரோடும் மக்களோடும் சுற்றத்தாரோடும் கூடி வாழும் வாழ்வைச் செம்மைப்படுத்திற்று. அப்பயனும் உடனே தோன்றாது ஆறு மாதத்திற்குப் பின்னரே புலப்பட்டது. மருந்து செய்த வேலையைப் பேச்சு செய்யவில்லை. பேச்சு செய்த வேலையை மருந்து செய்யவில்லை. மருந்தே போதும் என்பாரும், மருந்தே வேண்டா என்பாரும் இம்முடிவினை ஊன்றி நோக்குதல் நன்று.

சிகிச்சை நடைபெறும் முறை வருமாறு. வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு முதற் பதினாறு வாரங்களில் இது முடிவுறும். எத்தனை வாரம் என்பதைத் தொடக்கத்திலேயே நோயாளிக்குச் சொல்லிவிடுவர். முதல் இரண்டு மூன்று சந்திப்புகளில் நோயின் குறிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, சாவைப் பற்றிய எண்ணம் உளதோ என்பதையும் தயங்காது வினவி, "நுமக்கு உற்றிருப்பது மனச்சோர்வு என்னும் நோய், இது தீரத்தக்கது, இது நும் குற்றமன்று" என்று வெளிப்படையாகச் சொல்வர். நோயாளி என்னும் நிலைக்குச் சில விலக்குகளும் சில கடமைகளும் உண்டு என்று டால்காட் பார்ஸன்ஸ் என்னும் சமூகவியலறிஞர் 1951-ல் எழுதினார். கால் முறிந்தவன் சுமை தூக்கான். அதனால் அவனைச் சோம்பேறி என்பாரில்லை. ஆயினும் கால் கூடுதற்கு வேண்டுவன செய்தல் அவன் கடன். அவ்வாறே மனச்சோர்வுற்றவனும் தன்னால் இயலாதவற்றினின்றும் சிலகாலம் விடுபடுதற்குரியன். குணமடைதற்கு முயலுங் கடப்பாடும் உடையன். இவ்விரண்டையும் ஒருங்கே உணர்த்துதல் சிகிச்சையின் முதற்படியாம்.

அதன்பின் உறவுப் பட்டியல் எடுக்கப்படும். வணிகன் தன் சரக்கினைக் கணக்கெடுப்பதுபோல, நோயாளியின் வாழ்வில் இடம்பெற்றோர் யாவர், ஒவ்வொருவரிடத்தும் அவர் எதிர்பார்ப்பது யாது, பெறுவது யாது, எவருடைய உறவு அண்மையில் மாறிற்று என்று முறையாகக் கேட்டறிவர். நோய் தொடங்கிய காலத்தையும் உறவில் மாறுதல் நேர்ந்த காலத்தையும் அருகருகே வைத்து நோக்கின், பெரும்பாலும் நான்கு காரணங்களுள் ஒன்று வெளிப்படும். முதலாவது, அன்பிற்குரியார் ஒருவர் இறந்தமையால் எழுந்து, ஆறாது நிற்கும் துயரம். இரண்டாவது, கணவன் மனைவி, பெற்றோர் மக்கள், முதலாளி தொழிலாளி முதலியோரிடை நேரும் பிணக்கு. மூன்றாவது, வாழ்க்கை நிலையில் நேரும் மாற்றம். வீட்டைவிட்டு விடுதி புகும் மாணவனும், மணமுடித்துப் புதுமனை புகும் பெண்ணும், தாய்மை எய்தினவளும், உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றவரும், தீராப்பிணி தமக்குண்டென்று அறிந்தவரும் இதற்கு எடுத்துக்காட்டாவர். நான்காவது, தனிமை, அஃதாவது, பழகுவாரின்றியும், பழகும் வகையறியாமலும் வாழ்தல். இந்நான்கனுள் ஒன்றனை, மிக்கால் இரண்டனை, நோயாளியும் சிகிச்சையாளரும் உடன்பட்டுத் தெரிந்துகொள்வர். பிறவற்றைத் தொடமாட்டார். இவ்வடக்கமே இம்முறையின் சிறப்பென்று யாம் கருதுகின்றோம். மனத்தின் அடியாழத்தை அகழ்வோம் என்றோ, நோயாளியின் இயல்பையே மாற்றுவோம் என்றோ இஃது உறுதி கூறுவதில்லை. நோயை எழுப்பிய ஓரிடரை எடுத்துக்கொண்டு, அதனைக் குறித்த காலத்திற்குள் எளிதாக்க முயல்கின்றது.

இடைப்பகுதியில், சென்ற சந்திப்பிற்குப்பின் எவ்வாறிருந்தீர் என்பதே ஒவ்வொரு நாளும் கேட்கும் முதல் வினா. நோயாளி மனநிலையைச் சொன்னால், அதற்கு முன் நிகழ்ந்ததைக் கேட்பர். நிகழ்ச்சியைச் சொன்னால், அதனால் மனம் எங்ஙனமாயிற்று என்று கேட்பர். பிணக்கு நேர்ந்திருப்பின், எவர் எச்சொல்லைச் சொன்னார், எதிரே என்ன விடை வந்தது, எந்தக் குரலில் வந்தது, சொல்லக் கருதியும் சொல்லாது விட்டது யாது என்று ஒவ்வொன்றாக ஆராய்வர். வேறு எங்ஙனம் சொல்லியிருக்கலாம் என்று நோயாளியே எண்ணிப் பார்க்கவும், நாடகத்தில் ஒத்திகை பார்ப்பதுபோல அதனை ஆங்கேயே சொல்லிப் பழகவும் இடமளிப்பர். துயரமாயின், இறந்தாரைப் பற்றிய நினைவுகளை, இனியனவும் கசந்தனவும் ஆகிய இரண்டையும், வாய்விட்டுச் சொல்லச் செய்வர். நிலைமாற்றமாயின், இழந்த பழைய நிலைக்காக வருந்தவும், புதிய நிலையில் வேண்டும் திறமைகளைத் தேடவும் துணைசெய்வர். இறுதிச் சந்திப்புகள் பிரிவுக்கென ஒதுக்கப்படும். பெற்ற நன்மை யாது, நோய் மீளுமாயின் அதன் முதற்குறி யாது, அப்போது எவரிடம் செல்வது என்பன பேசி முடிப்பர். பிரிதலும் ஓர் உறவு மாற்றமேயாதலின், அதனை நல்லவண்ணம் நிகழ்த்துதலும் சிகிச்சையேயாம்.

இம்முறை சோதனைக்கு அஞ்சாதது. 1979-ல் வெளியான ஆராய்ச்சியில், மனச்சோர்வு முற்றிய நிலையில் வந்த 81 பேர்க்குப் பதினாறு வாரம் சிகிச்சையளித்தபோது, மருந்தும் உறவுவழிச் சிகிச்சையும் தனித்தனியே பயன்தந்தன. இரண்டும் சேர்ந்துழிப் பயன் மிக்கது. அமெரிக்க தேசிய உளநல நிறுவனம் 250 நோயாளிகளைக் கொண்டு நடத்திய பெருஞ்சோதனையின் முடிவு 1989-ல் வெளிவந்தபோதும், இம்முறை தன் மதிப்பை இழக்கவில்லை. நியூ யார்க் நகரத்துப் பள்ளிகளைச் சார்ந்த மருத்துவ நிலையங்களில், இளைஞர்க்கென லாரா மஃப்ஸன் என்பார் இதனைத் திருத்தி அமைத்துச் சோதித்து, 2004-ல் நற்பயன் கண்டனர். மற்று, இது பயன்படாத இடங்களும் உண்டு. அபின் இனத்து மருந்துகளுக்கும் கொக்கெயினுக்கும் அடிமையானோரிடத்து இதனைச் சோதித்த ஆராய்ச்சியாளர் எதிர்பார்த்த பயனைக் காணவில்லை. அதனையும் அவர்கள் மறைக்காது எழுதினர். எல்லா நோய்க்கும் இதுவே மருந்து எனக் கூறும் விளம்பரத்திற்கும் சாஸ்திரத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நிற்க, இம்முறையைக் குறித்து எழும் தடைகள் சில. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

இது நல்ல அயலாரும், ஆசிரியரும், குருமாரும் நாடோறும் செய்யும் செயலன்றோ, இதனைச் சிகிச்சையென்று பெயரிட்டழைப்பானேன் என்பர் சிலர். அயலாரின் அன்பை யாம் எளிதாகக் கருதவில்லை. லண்டன் மாநகரின் காம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து, ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்னும் இருவர் 1978-ல் ஒரு நூல் வெளியிட்டனர். மனம் விட்டுப் பேசத்தக்க நெருங்கிய துணையில்லாத பெண்கள், இடர் நேர்ந்துழி மனச்சோர்வுக்கு எளிதில் ஆளாகின்றனர் என்பதை அந்நூல் விளக்கிற்று. ஆகவே நல்ல துணை நோய்க்கு அரண் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அரண் வேறு, சிகிச்சை வேறு. அயலார் பெரும்பாலும் செய்வது அறிவுரை கூறுதல். பொறுத்துக்கொள், மறந்துவிடு, எல்லார்க்கும் உள்ளதுதான், உன்னினும் துன்புறுவாரைப் பார் என்பனவே அவர் கூறுவன. இவற்றைக் கேட்ட நோயாளி தன் துயரத்தோடு தன் இயலாமையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வீடு திரும்புகின்றான். பயின்ற சிகிச்சையாளரோ, முதலில் நோயைக் கண்டறிகின்றார், அபாயத்தை அளக்கின்றார், ஒன்றன்மேற் கருத்தை நிறுத்துகின்றார், நோயாளி செய்யவேண்டுவதைத் தாம் சொல்லாது, அவனே கண்டு தேர வழிசெய்கின்றார், நோயின் அளவு குறைகின்றதா என்று வாரந்தோறும் கணக்கிடுகின்றார், கேட்டவற்றைப் பிறரிடம் சொல்லார், குறித்த நாளில் முடிக்கின்றார். இவற்றுள் ஒன்றேனும் இல்லாதவிடத்து அது நற்பேச்சாகலாம், சிகிச்சையாகாது.

இரண்டாவது தடை இதனினும் வலியது. உறவைச் சீர்ப்படுத்துதல் என்பது, வலியாருக்கு எளியாரைப் பணியச் செய்வதாய் முடியாதோ? அடிக்கும் கணவனோடு இணங்கிப் போ என்று சொல்லி அனுப்புவதும் சிகிச்சையோ? இவ்வினா கேட்கத்தக்கதே. ஆனால் இம்முறையை வகுத்தோர் பிணக்குகளை மூன்று நிலையாகப் பகுத்துள்ளனர். இருவரும் இன்னும் பேசித் தீர்க்க முயலும் நிலை ஒன்று. பேச்சற்று, உள்ளே கசப்பு உறைந்து நிற்கும் நிலை மற்றொன்று. உறவு முறிந்தே தீரவேண்டிய நிலை பிறிதொன்று. மூன்றாம் நிலையில், முறிவினைத் தாங்குதற்கும் அதன்பின் வாழ்தற்கும் துணைசெய்வதே சிகிச்சையாளரின் கடன். இணக்கம் ஒன்றே நோக்கமன்று. பேச்சற்ற நிலையில் நிற்பாரிடத்துப் பிணக்கை மீண்டும் வெளிப்படுத்திப் பேசச்செய்தலும் உண்டு. அப்போது வீட்டில் அமைதி சிலகாலம் குறையவுங்கூடும். உயிருக்கோ உடலுக்கோ ஊறு நேருமிடத்து முதலில் தேடவேண்டியது பாதுகாப்பே. இதனை மறந்து, அமைதி என்னும் பெயரால் அநீதியை நிலைநிறுத்தும் சிகிச்சையாளர் தம் கலையைக் கல்லாதவர் என்க. வறுமையும் கடனும் வேலையின்மையும் பேச்சால் தீர்வனவல்ல என்பதும் உண்மையே. ஆயினும், அவை வந்துற்றபோது எவரிடம் உதவி கேட்பது, எங்ஙனம் கேட்பது என்று எண்ணும் ஆற்றலையே இந்நோய் பறித்துவிடுகின்றது. அவ்வாற்றலை மீட்டுத் தருதல் சிறு உதவியன்று.

மூன்றாவது, இது மேனாட்டாரின் பழக்கவழக்கங்களுக்கு ஏற்ப எழுந்தது, பிறநாட்டார்க்குப் பொருந்தாது என்பதாம். இதற்கு விடை ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா நாட்டினின்று கிடைத்தது. அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள மசாகா, ராக்காய் மாவட்டங்கள் எய்ட்ஸ் நோயாற் பெரிதும் அழிவுற்றவை. ஆங்கு ஆராய்ச்சி செய்யச் சென்றோர் தம் சிகிச்சையை உடனே தொடங்கினாரல்லர். அம்மக்கள் தம் துன்பத்தை எப்பெயரால் அழைக்கின்றனர் என்று முதலில் கேட்டனர். மக்கள் இருவகை நோய்களைக் கூறினர்: யோக்வேக்யாவா என்பது ஒருவன் தன்னைத்தானே வெறுத்தல், ஒக்வெகுபாசிடா என்பது தன்னைக் குறித்துத் தானே இரங்குதல். இவை மனச்சோர்வு நோயின் குறிகளோடு பெரிதும் ஒத்திருந்தன. மருந்து வாங்கப் பொருளில்லை, கொடுக்க வைத்தியரில்லை. குடும்பத்தோடும் ஊரோடும் இணைத்தே தம்மை எண்ணும் மக்களாதலின், உறவுவழிச் சிகிச்சை அவர்க்கு ஏற்றது எனத் தெரிந்தெடுத்தனர். அதனையும் அவ்வாறே பெயர்த்து வைக்கவில்லை. தனியாளுக்குரிய முறையைக் குழுவுக்குரியதாக்கினர். ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் வெவ்வேறு குழுக்கள் அமைத்தனர். இறந்தாரைப் பழித்துரைத்தல் அம்மக்களிடை வழக்கன்மையின், துயரத்தைப் பற்றிப் பேசும் வகையை அதற்கேற்பத் திருத்தினர். வைத்தியரல்லாத உள்ளூராரையே இரண்டு வாரம் பயிற்றிக் குழுத் தலைவராக்கினர்.

முப்பது கிராமங்களைச் சீட்டுப் போடுவதுபோலப் பிரித்து, ஒரு பகுதியில் வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரமாகப் பதினாறு வாரம் குழுச் சிகிச்சை நடத்தினர். மற்றைப் பகுதியில் அது நடைபெறவில்லை. 2003-ல் வெளியான முடிவு இது: சிகிச்சைக்கு முன் முதற்பகுதியில் நூற்றுக்கு 86 பேரும், மற்றைப் பகுதியில் 94 பேரும் மனச்சோர்வுடையராய் இருந்தனர். பின்னர் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 6.5 பேரும், பெறாதோருள் 54.7 பேருமே நோயுடையராய் எஞ்சினர். காலமும் நோயை ஓரளவு ஆற்றுகின்றது என்பது இரண்டாம் எண்ணாற் புலனாகும். காலத்தினும் மிக்கதொன்றனைச் சிகிச்சை செய்தது என்பது முதலெண்ணாற் புலனாகும். ஆறு மாதம் கழித்து நோக்கியபோதும் அப்பயன் நிலைத்திருந்தது. ஆயினும், அந்நாட்டு வடபகுதியில் போரினால் இடம்பெயர்ந்து முகாம்களில் வாழ்ந்த இளைஞர் 314 பேரைக் கொண்டு நடத்திய மற்றொரு சோதனையில், பெண்மக்கள் பயன்பெற்றனர்; ஆண்மக்களிடத்துத் தெளிவான பயன் காணப்படவில்லை. 2007-ல் வெளிவந்த இம்முடிவும் நமக்குப் பாடமே. ஓரிடத்து வெற்றி பெற்றது மற்றோரிடத்தும் வெற்றி பெறும் எனக் கொள்ளாது, ஒவ்வோரிடத்தும் ஒவ்வொரு வகையாரிடத்தும் சோதித்தல் வேண்டும்.

நம் இந்திய தேசத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. கோவாவில் அரசாங்கத்தாரின் நிலையங்களும் தனி வைத்தியர் நிலையங்களுமாக 24 இடங்களில் நடைபெற்ற 'மானஸ்' என்னும் ஆராய்ச்சியில், மனநல வைத்தியரல்லாத சுகாதார ஆலோசகரைப் பயிற்றி, நோயைக் குறித்து விளக்குதலையும் உறவுவழிச் சிகிச்சையையும் அவர் கையில் ஒப்புவித்தனர். மருந்து வேண்டுவோர்க்கு வைத்தியர் மருந்தளித்தனர். மனநல வைத்தியர் ஒருவர் மேற்பார்த்து வந்தார். 2010-ல் வெளியான முடிவின்படி, அரசாங்க நிலையங்களுக்கு வந்தோர் மிகுதியாகக் குணமடைந்தனர். தனி வைத்தியரிடம் வந்தோரிடையே அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. இச்சோதனையில் உறவுவழிச் சிகிச்சை பல கூறுகளுள் ஒன்றேயாதலின், வெற்றி முழுவதையும் அதற்கே உரியதாக்குதல் தகாது. ஆயினும், பயின்ற எளியோர் வைத்தியரோடு சேர்ந்து பணிசெய்தல் நம் தேசத்திலும் இயலும் என்பது விளங்கிற்று. 2016-ல் உலக சுகாதார நிறுவனம், எட்டுச் சந்திப்புகளில் முடியும் குழுச் சிகிச்சைக்கென ஒரு கையேட்டினை வெளியிட்டு, வைத்தியரல்லாதாரும் கற்றுப் பயன்படுத்த வழிகாட்டியுள்ளது.

எளியோர் கையிற் சிகிச்சையை ஒப்புவித்தல், ஏழைகட்கு இரண்டாந்தரச் சிகிச்சை அளிப்பதாகாதோ எனின், கூறுதும். ஆலோசகரைச் சில நாள் பயிற்றிப் பின் கைவிட்டால் அது இரண்டாந்தரமே. அதனினும் இழிந்தது எனினும் பொருந்தும். ஆனால் நான்கு காவல்கள் இருக்குமாயின் அச்சம் வேண்டா. பயிற்சி முதலாவது காவல். அஃது ஏட்டளவில் நில்லாது, செய்து காட்டிச் செய்வித்துத் திருத்துவதாயிருத்தல் வேண்டும். இரண்டாவது மேற்பார்வை, அனுபவமிக்க ஒருவர் ஆலோசகரின் வேலையை வாரந்தோறும் கேட்டுத் திருத்துதல் வேண்டும். மூன்றாவது எல்லையறிதல், தற்கொலை எண்ணம் வலுத்தோரையும், இல்லாத குரல் கேட்போரையும், உணவொழித்துக் கிடப்போரையும் காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்கு அனுப்புதல் வேண்டும். நான்காவது மறைகாத்தல், ஓர் ஊரிலே ஒருவர் சொன்ன துயரம் தெருவிற் பேச்சாகுமாயின், அவ்வூரில் மீண்டும் ஒருவரும் வாய்திறவார். இந்நான்கிற்கும் பொருட்செலவுண்டு. அச்செலவினை ஏற்காது ஆலோசகர் எண்ணிக்கையை மட்டும் பெருக்கிக் கணக்குக் காட்டுதல் பயனற்ற செயல்.

ஆகவே யாம் கூறவிரும்புவது இதுவே. வைத்தியக் கல்வியும், செவிலியர் கல்வியும், சமூகப்பணிக் கல்வியும், உளநூற் கல்வியும் பெறுவோர்க்கு, இம்முறை ஒரு பெயராக மட்டும் அறிமுகமாதல் போதாது; உறவுப் பட்டியல் எடுக்கவும், நால்வகைக் காரணங்களுள் உரியதைத் தெளியவும், குறித்த நாளில் முடிக்கவும் கைப்பழக்கமாகப் பயிற்றப்படுதல் வேண்டும். தமிழில் இதனை நடத்த விரும்புவோர், ஆங்கில நூலைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்துக்கொள்ளாது, உகாண்டாவிற் செய்ததுபோல, நம் மக்கள் தம் துன்பத்தை எச்சொல்லாற் கூறுகின்றனர் என்பதை முதலிற் கேட்டல் வேண்டும். நெஞ்சடைப்பு என்றும், மனது சரியில்லை என்றும், எதிலும் பிடிப்பில்லை என்றும் அவர் சொல்லும் சொற்களே நோயறிதற்கு வாயிலாகும். மாமியாரிடத்தும் தமையனிடத்தும் நேருக்கு நேர் சொல்லக்கூடியது யாது, பிறர் வாயிலாகச் சொல்லத்தக்கது யாது என்பதை அம்மக்களிடமே அறிந்து, அதற்கேற்பச் சிகிச்சையை அமைத்தல் வேண்டும். அமைத்தபின் சோதித்தும் பார்த்தல் வேண்டும்.

இச்சஞ்சிகையைப் படிப்போருள் பலர் நாளை வைத்தியராகவும், ஆசிரியராகவும், குருமாராகவும், விடுதித் தலைவராகவும் அமர்வர்; இன்றே அங்ஙனம் அமர்ந்திருப்போரும் உளர். அவரெல்லாரும் சிகிச்சையாளராக வேண்டுமென்பதில்லை. ஆனால் வகுப்பிற்கு வாராது அறையில் முடங்கிக் கிடக்கும் மாணவனைக் காணும்போது, அவனைக் கடியுமுன், அவன் வீட்டில் நேர்ந்தது யாது, அவனோடு உண்பார் யாவர் என்று கேட்டல் யாவர்க்கும் இயலும். விடையைக் கேட்டபின் அறிவுரை கூற விரையாது, தக்காரிடத்து அவனைக் கொண்டுசேர்த்தலும் இயலும். இவ்விரண்டையும் செய்வார் பெருகுவராயின், மனச்சோர்வுற்றார் பலர் காலம் கடவாமுன் சிகிச்சை பெறுவர். அதற்கு வேண்டும் அறிவு இன்று கைக்கெட்டியிருக்கின்றது. அதனைக் கற்கவும் கற்பிக்கவும் கற்றோர் முன்வருவாராக.